சிற்றூர்தியும் பெருஞ்சில்லும்

சேறும் மேடும் பள்ளமும் நிறைந்த பாதையில் ஓடுவதற்கென வண்டி செய்யும் தச்சன் அதன் சில்லைப் பெரிதாகவே செய்வான். சிறிய சில்லு பள்ளத்தில் விழும். பெரிய சில்லு அப்பள்ளத்தைத் தாண்டும். குறுக்கே கல்லொன்று கிடந்தால் சிறிய சில்லு அதனை முட்டி நிற்கும்; பெரிய சில்லு அதன்மீது ஏறி இறங்கும். இவ்வுண்மையை அறிவதற்கு எவரும் பொறியியற் கல்லூரிக்குச் செல்ல வேண்டியதில்லை. மாட்டுவண்டி ஓடிய நாடுகள் யாவும் இதனை அறிந்திருந்தன. ஆயினும், மாட்டின் இடத்தை இயந்திரம் எடுத்துக்கொண்ட பின்னர் இவ்வெளிய உண்மை ஒரு புதிய சிக்கலைத் தோற்றுவித்தது. மாட்டுவண்டியின் சில்லு இழுக்கப்படுவது. மோட்டார் வண்டியின் சில்லோ தானே நிலத்தை உந்துவது. இழுக்கப்படும் சில்லு பெரிதானால் மாட்டுக்கு நன்மையே. உந்தும் சில்லு பெரிதானாலோ அதைச் சுழற்றும் இயந்திரத்தின் சுமையும் கூடுகின்றது.

இன்று பல நாடுகளிலே, நான்கு சில்லுகளுக்கும் இயந்திர வலுச் செல்லும் சிறிய ஜீப் வகை ஊர்திகளை வாங்குவோர், அவற்றின் உடலை விற்சுருள்களால் உயர்த்திப் பெரிய ரயர்களைப் பொருத்துவதைக் காணலாம். சிலர் அதனை அழகுக்காகச் செய்கின்றனர். சிலர் காட்டுப் பாதைக்காகவும் பனிவெளிக்காகவும் செய்கின்றனர். இது புதுமோகம் என்று கருதுவோர் உளர். உண்மையில் இதன் பின்னே நூறாண்டுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. அவ்வரலாறு, பெரிய சில்லு தரும் நன்மையையும் அது கேட்கும் விலையையும் ஒருங்கே கற்பிக்கின்றது.

வரலாற்றுக்குள் நுழையுமுன் ஓர் அடிப்படையை அறிந்துகொள்ளல் நன்று. இரு சில்லுகளையும் இணைக்கும் கட்டியான அச்சு உடைய ஊர்தியிலே, நிலத்துக்கு மிக அண்மையில் இருப்பது அச்சின் நடுவே புடைத்து நிற்கும் பற்சில்லுப் பெட்டியாகும். விற்சுருளை நீட்டி ஊர்தியின் உடலை எவ்வளவு உயர்த்தினாலும் அப்பெட்டி ஓர் இம்மியும் உயர்வதில்லை. ஏனெனில் அச்சு வில்லின் மேலன்று, வில்லின் கீழே இருக்கின்றது. அச்சை உயர்த்த வல்லது அதைத் தாங்கும் சில்லு ஒன்றே. அதிலும், சில்லின் விட்டம் எவ்வளவு கூடுகின்றதோ அதன் பாதியளவே அச்சு உயரும். அவ்வாறாயின் உடலை உயர்த்துவது எதற்கு? பெரிய ரயர் வண்டியின் உடலோடு உராயாமல் சுழலவும், வண்டியின் முன்புறமும் பின்புறமும் அடிவயிறும் மேட்டில் இடிபடாதிருக்கவும் இடந்தருவதற்கே. ஆகவே உடல் உயர்வதும் சில்லு பெருப்பதும் ஒன்றையொன்று தொடர்வனவாயின.

காற்றடைத்த ரயரின் தோற்றத்திலிருந்து இவ்வரலாறு தொடங்குகின்றது. ஸ்கொத்லாந்தைச் சேர்ந்த ரொபேட் வில்லியம் தொம்சன் என்பவர் 1845 ஆம் ஆண்டிலே காற்றடைத்த சில்லுக்கு ஆக்கவுரிமை பெற்றார். 1847 ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரிலே குதிரை வண்டிகளில் அதைப் பொருத்தி ஓட்டியும் காட்டினார். உலகம் அதனை மறந்தது. 1888 ஆம் ஆண்டிலே பெல்பாஸ்ற் நகரில் மிருக வைத்தியராக இருந்த ஜோன் போய்ட் டன்லொப் மீண்டும் அதனைக் கண்டு மிதிவண்டிக்கு வழங்கினார். 1895 ஆம் ஆண்டில் பாரிஸ் நகரிலிருந்து போர்தோவுக்குச் சென்று திரும்பும் ஓட்டப் போட்டியிலே மிஷெலின் சகோதரர் காற்று ரயர் பூட்டிய மோட்டார் வண்டியை ஓட்டினர். அன்றுமுதல் மோட்டார் வண்டி காற்றின்மீது ஓடத் தொடங்கிற்று.

இவ்வளர்ச்சியில் இலங்கைக்கும் ஒரு பங்கு உண்டு. பிறேசில் நாட்டிலிருந்து ஹென்றி விக்கம் கொண்டுவந்த றப்பர் விதைகள் 1876 ஆம் ஆண்டில் இலண்டன் கியூ பூங்காவில் முளைப்பிக்கப்பட்டன. அவற்றிற் பெரும்பகுதியான ஏறக்குறைய 1,900 நாற்றுகள் அவ்வாண்டிலேயே இலங்கைக்கு அனுப்பப்பட்டுக் கம்பஹாவை அடுத்த ஹெனரத்கொடைப் பூங்காவில் நடப்பட்டன. ஆசியாவின் றப்பர்த் தோட்டங்கள் பெருகுவதற்கு அந்நாற்றுமேடையும் ஒரு தாயகமாயிற்று. உலகின் ரயர்கள் பெருப்பதற்கு வேண்டிய பொருள் மலிந்தது இதன் பின்னரே.

காற்று ரயர் சொகுசுக்காகப் பிறந்தது. அது பாதையற்ற நிலத்தைக் கடக்கும் கருவியும் ஆகும் என்பதை உலகுக்குக் காட்டியது பாலைவனம். பிரித்தானிய படையதிகாரியான றால்ப் பாக்னோல்ட் 1920 ஆம் ஆண்டுகளின் பிற்பகுதியிலிருந்து எகிப்திலும் லிபியாவிலும் சாதாரண போட் வண்டிகளைக் கொண்டு மணற்கடலைக் கடந்தார். ஒட்டகமே செல்ல அஞ்சும் இடங்களில் மோட்டார் வண்டி சென்றது எங்ஙனம்? ரயரிலிருந்து காற்றைக் குறைத்தமை அதற்கு ஒரு காரணமாகும். காற்றுக் குறைந்த ரயர் தட்டையாகிப் பரந்து மணலில் அமரும். வண்டியின் நிறை பரந்த இடத்திற் பகிரப்படும். ஆகவே சில்லு புதையாது. யானையின் பாதம் சேற்றில் அகன்று பதிவதைப் போன்றது இது. 1940 ஆம் ஆண்டில் பாக்னோல்ட் அமைத்த நெடுந்தூரப் பாலைவனப் படையணி இவ்வறிவைப் போருக்குப் பயன்படுத்திற்று. அப்படையினர் இளகிய மணலிற் காற்றை இறக்கினர். கற்றரையில் மீண்டும் ஏற்றினர். ரயர் பெரிதாயிருந்தால் இறக்கக்கூடிய காற்றும் அதிகம், பரவும் இடமும் அதிகம் என்ற பாடத்தை உலகம் அங்கே கற்றது.

அதே 1940 ஆம் ஆண்டில், அமெரிக்கப் படைக்கென இலகுவான ஒரு நாற்சில்லு ஊர்தி வரையப்பட்டது. பன்ரம் நிறுவனம் முதல் மாதிரியைச் செய்தது. வில்லிஸ், போட் நிறுவனங்கள் பெருந்தொகையாகச் செய்தன. உலகம் அதனை ஜீப் என்று அழைத்தது. ஏறக்குறைய 2,200 கன சென்ரிமீற்றர் கொள்ளளவும் 60 பரிவலுவும் கொண்ட இயந்திரம் அதில் இருந்தது. அதன் ரயர் 6 அங்குல அகலமும் 16 அங்குல உள்விட்டமும் உடையது. இவ்வளவை நேயர்கள் மனதில் இருத்துவது நலம். இக்கதையில் அது மீண்டும் வரும். 1942 ஆம் ஆண்டில் மலாயாவும் ஒல்லாந்தக் கிழக்கிந்தியத் தீவுகளும் யப்பானியர் கைப்பட்ட பொழுது நேச நாடுகளுக்கு இயற்கை றப்பர் வழங்கும் முதன்மைத் தேசமாக இலங்கை விளங்கிற்று. போர் முனைகளில் ஓடிய சில்லுகளுக்கு இந்நாட்டு மரங்களும் பால் சுரந்தன.

அச்சை உயர்த்துவதற்குப் பெரிய சில்லுதான் ஒரே வழியா என்றும் அக்காலத்தோர் ஆராய்ந்தனர். யேர்மனியர் 1940 ஆம் ஆண்டில் ஆக்கத் தொடங்கிய கூபல்வாகன் என்னும் சிறிய படைவண்டியிலே, பின்சில்லின் அருகே தனிப் பற்சில்லுகளை வைத்து, அச்சுத் தண்டைச் சில்லின் மையத்துக்கு மேலே அமைத்தனர். போருக்குப் பின் 1948 ஆம் ஆண்டிலே ஆக்கப்படத் தொடங்கிய யுனிமொக் என்னும் கமத்தொழில் ஊர்தியும் அம்முறையையே கைக்கொண்டது. இம்முறை அச்சை உயர்த்துவதோடு சில்லுக்கு வேண்டிய முறுக்குவிசையையும் பெருக்கித் தந்தது. ஆனால் அது செலவு மிக்கது, பாரம் கூடியது. ஏழை எளியோர் வாங்கும் சிற்றூர்திக்கு அது பொருந்தவில்லை.

சிற்றூர்தியின் வரலாறு யப்பானில் வேறு வழியாக வளர்ந்தது. போருக்குப் பின் அந்நாட்டரசு மிகச் சிறிய ஊர்திகளுக்கென ஒரு தனி வகுப்பை ஏற்படுத்தி வரிச் சலுகை வழங்கியது. 1960 ஆம் ஆண்டுகளில் அவ்வகுப்பைச் சேர்ந்த வண்டி 3 மீற்றருக்கு மேல் நீளமும் 1.3 மீற்றருக்கு மேல் அகலமும் 360 கன சென்ரிமீற்றருக்கு மேல் இயந்திரக் கொள்ளளவும் கொண்டிருத்தல் ஆகாது. நகரத் தெருவுக்கு இவ்வண்டி போதும். மலைக் கிராமத்துக்கும் காட்டு வேலைக்கும் பனிப் பிரதேசத்துக்கும் என் செய்வது? ஹோப் மோட்டார் என்னும் சிறு நிறுவனம் மிற்சுபிசி இயந்திரத்தைக் கொண்டு 1967 ஆம் ஆண்டின் இறுதியில் ஒரு சின்னஞ்சிறு நாற்சில்லு ஊர்தியை வெளியிட்டது. அது விலைபோகவில்லை. 1968 ஆம் ஆண்டில் அதனை ஆக்கும் உரிமையைச் சுசுக்கி நிறுவனம் வாங்கிற்று. நிறுவனத்துக்குள் எழுந்த தயக்கத்தை மீறி அவ்வுரிமையை வாங்கச் செய்தவர், பின்னாளில் அதன் தலைவராகி நெடுங்காலம் பணியாற்றி 2024 டிசெம்பரிற் காலமான ஒசாமு சுசுக்கி ஆவர்.

1970 ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்தில் ஜிம்னி என்ற பெயருடன் அவ்வூர்தி வெளிவந்தது. அதன் இயந்திரக் கொள்ளளவு 359 கன சென்ரிமீற்றர், பரிவலு 25, நிறை ஏறக்குறைய 600 கிலோகிராம். மேலதிகச் சில்லை வெளியே தொங்கவிட்டால் நீளம் 3 மீற்றரைத் தாண்டிவிடும் என்று கருதி அதனை உள்ளே ஆசனத்தின் பின்னே வைத்தனர். இத்துணைச் சிறிய ஊர்திக்கு அவர்கள் பூட்டிய ரயர் யாது? 6 அங்குல அகலமும் 16 அங்குல உள்விட்டமும் உடைய ரயர்! அமெரிக்கப் படை ஜீப்பின் அதே அளவு. இயந்திரமோ அந்த ஜீப்பின் இயந்திரத்தில் ஆறில் ஒரு பங்கு. பெருஞ்சில்லு பூட்டிய சிற்றூர்தி என்னும் எண்ணம் பிற்கால இளைஞரின் கற்பனையன்று. தொழிற்சாலையின் முதல் நாளிலேயே பிறந்தது.

இச்சிறு இயந்திரம் அப்பெருஞ்சில்லைச் சுழற்றியது எவ்வாறு? வேகத்தைத் தியாகம் செய்தே சுழற்றியது. கியர்ப் பெட்டிக்கு அப்பால் இரண்டாவது பற்சில்லுப் பெட்டியொன்றை அமைத்து, கடினமான இடங்களில் இயந்திரம் பன்முறை சுழலச் சில்லு ஒருமுறை சுழலும்படி செய்தனர். அதன் அதியுயர் வேகம் மணிக்கு ஏறக்குறைய 75 கிலோமீற்றர் மாத்திரமே. வேகம் போனது, ஏறும் வலு கிடைத்தது. பாரம் குறைந்தமையால் சேற்றிலும் பனியிலும் புதைதலும் குறைந்தது. பெரிய சில்லுக்கான விலையை அதனை வரைந்தோர் அறிந்தே செலுத்தினர் என்பது இங்கே தெளிவாகின்றது.

அவ்விலையை அறியாதோர் பின்னாளில் அடைந்த இடர் பலவாகும். இன்றைய ஜிம்னியை எடுத்துக்கொள்வோம். 2018 ஆம் ஆண்டில் வெளிவந்த அதன் நான்காம் தலைமுறையில், 1,462 கன சென்ரிமீற்றர் இயந்திரமுடைய வகைக்குத் தொழிற்சாலை பூட்டும் ரயரின் விட்டம் ஏறக்குறைய 693 மில்லிமீற்றர். உடலை உயர்த்துவோர் விரும்பிப் பூட்டும் ஒரு ரயரின் விட்டம் ஏறக்குறைய 733 மில்லிமீற்றர். வேறுபாடு 40 மில்லிமீற்றர். அச்சு உயர்வது அதன் பாதியான 20 மில்லிமீற்றர். அதாவது இரண்டு விரல் அகலமும் இல்லை. இதற்காகச் செலுத்தப்படும் விலை யாது? சில்லின் சுற்றளவு ஏறக்குறைய நூற்றுக்கு 6 பங்கு கூடுகின்றது. வேகமானி 100 கிலோமீற்றர் என்று காட்டும் பொழுது வண்டி உண்மையில் ஏறக்குறைய 106 கிலோமீற்றர் வேகத்தில் ஓடும். நிலத்தை உந்தும் விசை அதற்கேற்பக் குறையும். ஏற்றத்தில் வண்டி களைக்கும். பெற்றோல் கூடுதலாகச் செலவாகும். பிறேக்கும் அவ்வாறே. சில்லை நிறுத்தும் தட்டு முன்னிருந்த அளவினதே. நிறுத்தப்பட வேண்டிய சில்லோ பெரியது, பாரமானது. ஆகையால் நிற்கும் தூரம் நீளக்கூடும்.

அச்சுத் தண்டும் சுக்கானின் மூட்டுகளும் சிறிய சில்லை எண்ணிச் செய்யப்பட்டவை. பாரமான ரயர் அவற்றை விரைவில் தேய்க்கும். முன்சில்லுகள் நடுங்கும் குறையும் தோன்றும். விற்சுருளை நீட்டியதால் முன்னச்சின் சாய்வு மாறும்; அதனால் நேர்பாதையிலும் வண்டி அலையும். மயிலிறகேயாயினும் அளவு கடந்து ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்று வலியறிதல் அதிகாரத்தில் வள்ளுவர் உரைத்தார். மன்னருக்காகச் சொல்லப்பட்ட அவ்வுவமை, இங்கே நேர்ப்பொருளாகவே நிற்கின்றது. அறிவுடையோர் ரயரை மாத்திரம் மாற்றுவதில்லை, இரண்டாம் பெட்டியின் பற்சில்லுகளையும் மாற்றிக் கியரைத் தாழ்த்துவர், பிறேக்கை வலுப்படுத்துவர், அச்சின் சாய்வைத் திருத்துவர், வேகமானியையும் சரிபார்ப்பர்.

இவ்வறிவை ஒரு நாடு முழுவதும் பயின்ற இடம் ஐஸ்லாந்து. பனியாறுகளும் எரிமலைகளும் நிறைந்த அந்நாட்டிலே 1980 ஆம் ஆண்டுகளில் ஜீப் வகை ஊர்திகளுக்கு 38 அங்குல விட்டமுடைய ரயர்களைப் பூட்டும் கலை வளர்ந்தது. சாதாரண மோட்டார் வண்டியின் ரயரில் சதுர அங்குலத்துக்கு 30 இறாத்தல் அளவில் காற்றமுக்கம் இருக்கும். ஐஸ்லாந்தியர் ஆழ்ந்த பனியில் அதனை 2 அல்லது 3 இறாத்தலுக்கு இறக்குவர். அப்பொழுது ரயர் பனியைக் கிழிக்காது அதன்மேல் மிதந்து செல்லும். பாக்னோல்ட் மணலிற் கண்டதை இவர்கள் பனியிற் கண்டனர் எனலாம். அந்நாட்டுத் தொண்டர் மீட்புப் படையினர் புயலிலும் பனியாற்றிலும் அகப்பட்டோரைத் தேடிச் செல்வது இத்தகைய ஊர்திகளிலேதான். அங்கே பெரிய ரயர் அலங்காரப் பொருளன்று. ஓர் உயிர் நள்ளிரவுக்குள் கரைசேருமா என்பதைத் தீர்மானிக்கும் பொருள். எனவேதான் அந்நாட்டரசு இவ்வாறு மாற்றப்படும் ஊர்திகளைத் தடைசெய்யாது, தனிச் சோதனைக்கு உட்படுத்தி வீதியில் ஓட இடமளித்தது. அதேவேளை, பனி மூடாத மண்ணிற் பாதையை விட்டு ஓட்டுதல் குற்றமாகும். பாசி படர்ந்த நிலத்திற் பதியும் ஒரு சில்லுத் தடம் பல்லாண்டு ஆறாது என்பதை அவர்கள் அறிவர்.

தென்னமெரிக்காவிலே மற்றொரு சோதனை நிகழ்ந்தது. சிலிக்கும் ஆர்ஜென்ரீனாவுக்கும் இடையே ஓஹோஸ் தெல் சலாதோ என்னும் மலை நிற்கின்றது. 6,893 மீற்றர் உயர்ந்த அதுவே உலகின் மிகவுயர்ந்த எரிமலை. 2007 ஆம் ஆண்டு ஏப்பிரல் 21 ஆம் திகதி, கொன்சாலோ பிராவோ, எதுவார்தோ கனாலெஸ் என்னும் சிலி நாட்டவர் இருவர் சுசுக்கி சமுராய் என்னும் சிற்றூர்தியை அம்மலையில் 6,688 மீற்றர் உயரத்துக்கு ஓட்டிச் சென்றனர். அதற்குச் சில வாரங்களின் முன் ஜீப் ஊர்திகள் நிலைநாட்டிய 6,646 மீற்றர்ச் சாதனையை அது விஞ்சியது. பெரிய ரயர் மட்டும் அதனை அங்கே ஏற்றவில்லை. காற்று மெலிந்த அவ்வுயரத்தில் இயந்திரம் மூச்சுத் திணறாதிருக்கக் காற்றை அமுக்கி ஊட்டும் கருவியைப் பூட்டினர்; ஊர்தியின் பிற உறுப்புகளையும் அதற்கேற்ப மாற்றினர். இலகுவான உடலும் இணக்கமான உறுப்புகளும் வென்றன. அச்சாதனை பின்னர் முறியடிக்கப்பட்டது. 2023 டிசெம்பரிலே அதே மலையில் 6,734 மீற்றர் உயரத்தை எட்டிய போர்ஷே வண்டியில், கூபல்வாகனிலும் யுனிமொக்கிலும் கண்ட அதே உயர்ந்த அச்சமைப்புப் பொருத்தப்பட்டிருந்தது என்பது குறிப்பிடத்தக்கது.

உயரத்துக்கு மற்றொரு விலையும் உண்டு. அது யாவற்றிலும் கொடியது. ஊர்தி உயர உயர அதன் புவியீர்ப்பு மையமும் உயரும். வளைவிற் கவிழும் இடரும் கூடும். இரு சில்லுகளுக்கிடைப்பட்ட அகலத்தின் பாதியைப் புவியீர்ப்பு மையத்தின் உயரத்தால் வகுத்தால் ஊர்தியின் உறுதியைக் காட்டும் ஓர் எண் கிடைக்கும். அரையகலம் 70 சென்ரிமீற்றர், மையத்தின் உயரம் 65 சென்ரிமீற்றர் எனக் கொண்டால் அவ்வெண் ஏறக்குறைய 1.08. உடலையும் சில்லையும் உயர்த்தி மையத்தை 5 சென்ரிமீற்றர் மேலே கொண்டுசென்றால் அது 1 ஆகிவிடும். எண் சிறுக்கச் சிறுக்க ஊர்தி எளிதிற் கவிழும்.

இவ்விடயம் 1988 ஆம் ஆண்டில் அமெரிக்க ஐக்கிய நாடுகளிற் பெரும் வாதமாயிற்று. நுகர்வோர் சங்கமொன்று தன் சோதனையின் முடிவில், சமுராய் ஊர்தி எளிதிற் கவிழ்வதால் ஏற்கத்தகாதது என்று அறிவித்தது. சுசுக்கி நிறுவனம் அதனை வன்மையாக மறுத்தது. அவ்வாண்டிலேயே அந்நாட்டு வீதிப் பாதுகாப்பு அதிகாரசபை அவ்வூர்தியை மீளப்பெறக் கோரிய மனுவை நிராகரித்தது. நிறுவனம் 1996 ஆம் ஆண்டில் வழக்குத் தொடுத்தது. 2004 ஆம் ஆண்டில் அது சமரசத்தில் முடிந்தது. அவ்வழக்கில் யார் பக்கம் நியாயம் என்பது ஒருபுறமிருக்க, உயர்ந்த ஊர்தியின் உறுதி பற்றிய கேள்வி பொதுமக்கள் மன்றத்துக்கு வந்தமையே அதன் பயன். 2001 ஆம் ஆண்டு மாதிரிகளிலிருந்து, மேலே கூறிய எண்ணின் அடிப்படையில் ஊர்திகளின் கவிழும் இயல்பை மதிப்பிட்டு அறிவிக்கும் வழக்கத்தை அவ்வரசு மேற்கொண்டது. ஆனால் அம்மதிப்பீடு தொழிற்சாலையிலிருந்து வரும் ஊர்திக்கே உரியது. வாங்கியவர் தம் கையால் உயர்த்திய ஊர்திக்கு அது பொருந்தாது.

தொம்சனின் குதிரை வண்டி முதல் எரிமலை ஏறிய சமுராய் வரை இவ்வரலாற்றை நோக்குவோர்க்கு ஒன்று புலனாகும். பெருஞ்சில்லு பொய்யான ஆசையன்று. மணலையும் பனியையும் கடக்கவும், கிராமத்து மலைப்பாதையில் ஏறவும், இடருற்றவரை மீட்கவும் அது உதவிற்று. ஆயினும் அதனால் வென்றவர் எவரும் சில்லை மாத்திரம் மாற்றி வெல்லவில்லை. பாக்னோல்ட் காற்றின் அளவை அறிந்தார். ஜிம்னியை வரைந்தோர் வேகத்தை விட்டுக்கொடுத்தனர். ஐஸ்லாந்தியர் சோதனைக்கும் சட்டத்துக்கும் தலைவணங்கினர். மலையேறிய சிலியர் இயந்திரத்தை முதலிற் சீர்செய்தனர். தெருவோரக் கடையில் ரயரைத் தெரிவு செய்யும் இளைஞன், அதன் விலையோடு கியரின் விலையையும் பிறேக்கின் விலையையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். அக்கணக்குத் தன் கைக்கு மிஞ்சினால், தொழிற்சாலை தந்த சில்லோடு நிற்பதே அவனுக்கும், வளைவிலே எதிர்ப்பட்டு வருவோர்க்கும் நன்மை பயக்கும்.